மணலுக்குள்ளே போன நண்டைத் தோண்டாதீங்க!

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே திருத்தப்பட்டுள்ளது.)

வழக்கமா இங்கே கோடிங், ஆபீஸ், இன்டர்வியூன்னு பேசுவோம். இன்னைக்கு ஒரு நண்டைப் பத்திப் பேசப் போறேன். சிரிக்காதீங்க. நல்லது பண்றதா நினைச்சு நான் ஒரு உயிரைக் கொன்ன கதை இது.

வேலைக்காக நியூ ஜெர்சி போன புதுசு. ஒரு கோடை வார இறுதியில ரூம்மேட்ஸோட பீச்சுக்குப் போனோம். கடலை ஒட்டி நீளமா மரப்பலகை நடைபாதை, ஓரமா வரிசையாக் கடைகள். ஒரு கடையில கம்பிக்கூண்டு முழுக்க ஹெர்மிட் கிராப். தமிழ்ல துறவி நண்டுன்னு சொல்வாங்க. ஒவ்வொண்ணு முதுகிலயும் கலர் கலரா பெயின்ட் அடிச்ச சங்கு. "சத்தம் போடாது, செலவு வைக்காது, வளர்க்க ரொம்ப ஈஸி"ன்னாங்க. நாய் வளர்க்க அனுமதி இல்லாத அபார்ட்மென்ட்ல இருக்கிறவனுக்கு இது போதாதா? ரெண்டு வாங்கினேன். போண்டா, பஜ்ஜின்னு பேர் வெச்சோம்.

ரெண்டு மாசம் கழிச்சு ஒருநாள் காலையில போண்டாவைக் காணோம். சோபாவுக்கு அடியில, ஷூவுக்குள்ள, எல்லா இடத்துலயும் தேடினோம். அப்புறம்தான் தொட்டியோட மூலையில மணல் கலைஞ்சிருந்ததைப் பார்த்தேன். "ஐயோ, மண்ணுல புதைஞ்சு மூச்சு முட்டுதே"ன்னு ஸ்பூனை எடுத்துத் தோண்டினேன். சங்கு கிடைச்சது. உள்ளே வெளுத்துப்போய், கொழகொழன்னு ஒரு உடம்பு. கால் லேசா அசைஞ்சது. தாகமா இருக்கும்னு தண்ணிக் கிண்ணத்துப் பக்கத்துல வெச்சேன். மறுநாள் செத்துப் போச்சு.

அப்புறம்தான் உட்கார்ந்து படிச்சேன். போண்டாவுக்கு எந்த ஆபத்தும் இல்ல. அது சட்டை உரிச்சிட்டு இருந்தது. ஆபத்தே நான்தான்.

மணலுக்குள்ளே என்ன நடக்குது?

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்குவோம். சங்கு வேறு, மேலோடு வேறு. சங்கு என்பது வாடகை வீடு. ஏதோ ஒரு கடல் நத்தை வாழ்ந்து விட்டுப் போனது. நண்டு பெருசானா வேற சங்குக்கு மாறிக்கும். மேலோடு அப்படி இல்லை, அது நண்டோட சொந்த உடம்பு. நமக்கு எலும்பு உள்ளே இருக்கு, அதுக்கு வெளியே இருக்கு. அந்த ஓடு நண்டோட சேர்ந்து வளராது. அதனால வளரணும்னா பழசைக் கழட்டித்தான் ஆகணும். இதைத்தான் மோல்ட்டிங்னு சொல்றோம்.

பழைய ஓட்டுக்கு அடியில புதுசு ஒண்ணு மெத்துன்னு உருவாகிறது. உடம்புக்குள்ள தண்ணீர் சேர்ந்து உப்புகிறது. அந்த அழுத்தத்துல பழைய ஓடு வெடிக்க, நண்டு தன்னை உள்ளேயிருந்து உருவி எடுக்கிறது. கால், கொடுக்கு, மீசை எல்லாத்தையும். கண் மேல இருக்கிற உறையும், வயிற்றின் உள்பக்கச் சவ்வும்கூட மாறுகிறது. இது முடிஞ்சதும் நண்டால நடக்க முடியாது, கடிக்க முடியாது. போண்டாவை நான் வெளியே எடுத்தது அந்த நேரத்துலதான்.

ஓடு கெட்டியாக கால்சியம் வேணும். அதுக்காக, கழட்டிப் போட்ட பழைய ஓட்டையே கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடும். "சீ, குப்பை"ன்னு அதை எடுத்துப் போட்டுடாதீங்க. அது பத்தியச் சாப்பாடு.

இதெல்லாம் ஏன் மண்ணுக்கு அடியில? அங்கே இருட்டு, ஈரம், முக்கியமா பாதுகாப்பு. தொட்டிக்குள்ள எதிரி யாருன்னு கேக்கறீங்களா? கூட இருக்கிற நண்டுதான். மெத்துன்னு இருக்கிற நண்டு வாசனை வந்தா சாப்பிட்டே விடும். சின்ன நண்டுக்கு ஒரு மாசம் போல ஆகும். பெருசுக்கு ரெண்டு மாசம், மூணு மாசம், சில சமயம் அதுக்கும் மேல.

செத்துடுச்சா, உரிச்சிருக்கா?

உள்ளே போறதுக்கு முன்னாடி சில அறிகுறி தெரியும். நிறைய சாப்பிடும், தண்ணி குடிக்கும், நிறம் மங்கும், சோம்பலா இருக்கும், அங்கங்கே குழி தோண்டிப் பார்க்கும்.

மணல் மேல நண்டு மாதிரி ஒண்ணு அசையாம கிடந்தா பதறாதீங்க. அது வெறும் சட்டையா இருக்கலாம். காகிதம் மாதிரி லேசா, உள்ளே காலியா இருக்கும். சங்குக்குள்ள நண்டு உயிரோட இருக்கும். அதைத் தொடாம, ரெண்டு பக்கமும் வெட்டின பெரிய பிளாஸ்டிக் பாட்டிலைச் சுத்தி நட்டு, மத்த நண்டு வராம மறைச்சிடுங்க. செத்திருந்தா மூக்கே சொல்லிடும். அழுகின மீன் நாத்தம், தப்பவே முடியாது.

இன்னொண்ணு, தொட்டி மூடி சரியா இருக்கான்னு பாருங்க. இவங்க நல்லா ஏறுவாங்க, நிஜமாவே ஓடிப் போயிருக்கலாம். செவுளாலதான் மூச்சு விடறாங்க, அது எப்பவும் ஈரமா இருக்கணும். காய்ஞ்ச ரூம்ல ரொம்ப நாள் தாங்க மாட்டாங்க.

நாம செய்ய வேண்டியது

மணல் குறைஞ்சது 15 செ.மீ. ஆழம், இல்லன்னா பெரிய நண்டோட உயரத்துக்கு மூணு மடங்கு. இதுல எது அதிகமோ அது. அஞ்சு பங்கு மணலுக்கு ஒரு பங்கு தென்னை நார்த்தூள். மணல் வீடு கட்டினா நிக்கிற பதத்துல ஈரம். காற்றில் ஈரப்பதம் 75-85 சதவீதம், வெப்பம் 24-29 டிகிரி செல்சியஸ். குளோரின் நீக்கின நல்ல தண்ணி ஒரு கிண்ணம், மீன் தொட்டிக்கான கடல் உப்பு கலந்த தண்ணி ஒரு கிண்ணம். சமையல் உப்பு வேண்டாம். பெயின்ட் அடிக்காத காலிச் சங்கு நாலஞ்சு. கால்சியத்துக்கு முட்டை ஓடு, கடல்நுரை. எனக்கு அந்தக் கடையில கொடுத்தது நாலு விரல் மணலும் ஒரு ஸ்பாஞ்சும்தான்.

போண்டா போன பிறகு பஜ்ஜிக்கு இதையெல்லாம் செஞ்சேன். அக்டோபர்ல பஜ்ஜியும் உள்ளே போச்சு. பத்து நாள் ஆச்சு. முப்பது நாள் ஆச்சு. நான் ப்ரொடக்‌ஷன் சர்வரை அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை செக் பண்ற ஆளு. லாக் வராத ப்ராசஸைப் பார்த்தா கை தானா கில் கமாண்ட் அடிக்கும். தினமும் ஆபீஸ் விட்டு வந்து மோந்து பார்ப்பேன், ஈரப்பத மீட்டரைப் பார்ப்பேன், ஸ்பூனை டிராயர்லயே வெச்சுட்டுத் தூங்கப் போவேன்.

67-ஆவது நாள் ராத்திரி, கண்ணாடியில டக் டக்னு சத்தம். பஜ்ஜி. நிறம் பளிச்சுன்னு இருந்தது. வாங்கும்போதே அதுக்கு ஒரு கால் கிடையாது. இப்போ அந்த இடத்துல குட்டியா ஒரு புதுக் கால்!

ஒண்ணு சொல்லி முடிக்கிறேன். இதைக் கேட்டுட்டு நண்டு வாங்கப் போயிடாதீங்க. இவற்றின் குஞ்சுகள் கடலில் மிதந்து வளர்பவை. தொட்டியில் இனப்பெருக்கம் செய்வது மிக அரிது. கடையில் இருப்பவை கிட்டத்தட்ட எல்லாமே கடற்கரையிலிருந்து பிடித்து வந்தவைதான். நல்லா வளர்த்தா 30 வருஷத்துக்கு மேலயும் வாழும். கடையில வாங்கினது பல மாசக்கணக்குல சாகறதுக்குக் காரணம் நாம.

ஏற்கெனவே வீட்டுல இருக்கா, இன்னைக்குக் காணோமா? தொட்டி மேல ஒரு டேப் ஒட்டி, தேதியை எழுதுங்க. தண்ணியை மாத்துங்க, ஈரத்தைப் பார்த்துக்கோங்க. மணலைத் தொடாதீங்க.