ரஜனிக்கு நீதி கேட்போம்

(கலேவெலவில் நடைபெற்ற கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



மனைவியைப் பறிகொடுத்த ஒருவரைப் பற்றிப் பேச வந்துள்ளேன். அவர் பெயர் தயாபால திராணகம, சிங்களவர், இடதுசாரி அரசியலில் ஈடுபட்டவர். அவர் 1977இல் மணந்த டாக்டர் ரஜனி, யாழ்ப்பாணத் தமிழ்ப் பெண்.

கொழும்பில் மருத்துவம் பயின்ற ரஜனி, மலைநாட்டு ஹல்துமுல்லையில் வைத்தியராகப் பணிபுரிந்தார். 1980இல் யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் விரிவுரையாளரானார். 1983இல் மேற்படிப்புக்காக லிவர்பூல் சென்றார். டாக்டர்கள் பலர் கடல் கடந்து போய்க்கொண்டிருந்த போர்க்காலத்தில், அவரோ யாழ்ப்பாணம் திரும்பினார். உடற்கூற்றியல் கற்பிக்க ஆளில்லையேல் மருத்துவ பீடம் ஏது? பீடம் இல்லையேல், நாளை ஆஸ்பத்திரிக்கு டாக்டர் ஏது?

கமக்காரர்களே, பஞ்சம் வந்தாலும் நீங்கள் விதைநெல்லை உண்ணமாட்டீர்கள். ஆசிரியர் ஒரு சமுதாயத்தின் விதைநெல் அல்லவா?

அந்த ஆசிரியரை 1989 செப்டெம்பர் 21ஆம் நாள், பல்கலைக்கழகத்திலிருந்து துவிச்சக்கர வண்டியில் வீடு திரும்புகையில் சுட்டுக் கொன்றார்கள். வயது 35. இரண்டு பெண் குழந்தைகள் தாயை இழந்தனர். அவர் செய்த குற்றம் என்ன? அரச படையோ, இந்தியப் படையோ, தமிழ் இயக்கமோ, எவர் கொடுமை செய்யினும் அதனைப் பதிந்து வைத்தார். 'முறிந்த பனை' நூலை எழுதிய நால்வருள் அவரும் ஒருவர். அவருடன் பணியாற்றிய மனித உரிமையாளர்கள் விடுதலைப் புலிகளையே குற்றஞ்சாட்டினர். இக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

சாட்சி மௌனமானால் வழக்கு மடிந்துபோகும் என்பது நீதிமன்றத்தில் நான் கற்ற பாடம். தயாபால மௌனமாகவில்லை. பிள்ளைகளை வளர்த்தார், ஆண்டுகள் பல கடந்த பின்னும் மனைவியின் பணியை மேடையிலும் ஏட்டிலும் எடுத்துரைத்தார். தமிழ்ப் பெண்ணுக்காகச் சிங்களக் கணவர் பேசுகிறார். தமிழர் நாம் வாய் மூடியிருப்பது முறையா?

படைகள் செய்த கொலைகளுக்கு நாம் நீதி கேட்கிறோம்; கேட்கத்தான் வேண்டும். ஆனால், நம்மவர் கையால் வீழ்ந்தவருக்கும் அதே நீதியைக் கேட்டால்தான் நமது வழக்குக்கு வலு உண்டு. ஒருபக்கத் தராசை உலகம் நம்பாது.

மூவினத்தாரும் அருகருகே வாழும் இவ்வூரில் நான் வேண்டுவது இரண்டு. ரஜனியின் வரலாற்றை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மருத்துவம் கற்கும் பிள்ளையிடம், கற்றதை மக்களிடம் திருப்பிக் கொண்டுவா என்று கூறுங்கள். கணவர் காத்த நினைவை இனி நாமும் காப்போம்.