நாற்காலியை விட்டு எழுந்தால்



அமெரிக்காவில் தொழிலாளர் தினம் மே மாதத்தில் வருவதில்லை. செப்டம்பர் மாதத்தின் முதல் திங்கட்கிழமைதான் அவர்களுக்குத் தொழிலாளர் தினம். நாள்காட்டிப்படி கோடை முடிய அதற்குப் பிறகும் இரண்டு மூன்று வாரம் இருக்கும். ஆனாலும் அந்தத் திங்களோடு கோடை போயிற்று என்றுதான் ஜனங்கள் நினைக்கிறார்கள். அதற்கு முந்தைய வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வெயிலுக்கு விடைகொடுக்கும் நாட்கள். ரோட் ஐலண்ட் மாநிலத்தின் கடலோரச் சிற்றூரான சார்ல்ஸ்டவுனில் ‘ரிதம் அண்ட் ரூட்ஸ்’ என்ற திறந்தவெளி இசைவிழா அப்போதுதான் நடக்கும்.

விழா நடக்கும் இடத்துக்கு நினிக்ரெட் பூங்கா என்று பெயர். நினிக்ரெட் அந்த மண்ணின் பூர்வகுடித் தலைவர்களில் ஒருவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே கடற்படை விமானிகள் இரவில் பறக்கப் பயிற்சி எடுத்தார்கள். இப்போது புல்வெளி. பக்கத்தில் உப்பங்கழி, அதைத் தாண்டினால் அட்லாண்டிக் பெருங்கடல். பகலில் முதுகைச் சுடும் வெயில். இருட்டியதும் கடல் பக்கமிருந்து ஈரக்காற்று வந்து, ஸ்வெட்டர் எடுத்து வராதவர்களை நடுங்க வைத்துவிடும். பலர் மூன்று நாளும் அங்கேயே கூடாரம் போட்டுத் தங்கிவிடுகிறார்கள்.

விழாவை 1998-ல் தொடங்கியவர் சக் வென்ட்வொர்த். ரோட் ஐலண்ட் பல்கலைக்கழக வானொலியில் நாட்டுப்புற இசை நிகழ்ச்சி நடத்தி வந்தவர். வானொலிக்காரர் ஒருவர் தொடங்கிய விழா என்பதை வானொலியில் சொல்வதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை இருக்கிறது!

பல வகை இசை அங்கே உண்டு. ஆனால் விழாவின் உயிர் இரண்டு: கேஜன், ஜைடகோ. இரண்டும் தெற்கே, வெகு தொலைவில் இருக்கும் லூசியானா மாநிலத்துச் சரக்கு.

நம்மில் பலருக்குக் கச்சேரி என்றால் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுவதுதான். நான் போயிருந்தபோது சார்ல்ஸ்டவுனிலும் பெரிய மேடைக்கு முன்னால் மடக்கு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. நானும் ஒன்றில் உட்கார்ந்து கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே தாளம், ஒரே மாதிரி மெட்டு, கொஞ்ச நேரத்தில் அலுப்புத் தட்டியது. பிறகு, மரப்பலகை பாவிய நடனக் கூடாரத்துக்குள் போனேன். வெளியே கேட்ட அதே மாதிரிப் பாட்டுதான். உள்ளே நூற்றுக்கணக்கான பாதங்கள் பலகையில் உரசும் ஓசை அதோடு சேர்ந்திருந்தது. மேடையில் இருந்தவர்கள் பாதி வாத்தியத்தைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார்கள் என்றும், மீதி இந்தக் கால்களில் இருந்தது என்றும் அப்போது பட்டது.

இந்த இசையின் கதை 1755-ல் தொடங்குகிறது. இன்றைய கனடாவின் கிழக்குக் கரையில், அக்காடியா என்ற பகுதியில் வாழ்ந்த பிரெஞ்சுக் குடியானவர்களை ஆங்கிலேய ஆட்சி அந்த ஆண்டில் வீடு வாசலைப் பிடுங்கிக்கொண்டு கப்பலேற்றியது. திக்குத் திக்காகச் சிதறியவர்களில் ஒரு பகுதியினர் லூசியானாவின் சதுப்பு நிலங்களில் வந்து குடியேறினார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள்தான் கேஜன் மக்கள். அதே மண்ணில், பிரெஞ்சு பேசிக்கொண்டு, கறுப்பினக் கிரியோல் மக்களும் வாழ்ந்தார்கள். சனிக்கிழமை இரவில் ஏதாவது ஒரு வீட்டில் சாமான்களை வெளியே எடுத்து வைத்துவிட்டு, குழந்தைகளைப் பக்கத்து அறையில் தூங்க வைத்துவிட்டு ஆடுவார்கள். மின்சாரம் கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது. அத்தனை கால்களின் இரைச்சலையும் மீறிக் கேட்கிற வாத்தியம் வேண்டும். ஜெர்மனியிலிருந்து வந்த அக்கார்டியனுக்கு அந்தக் குரல் இருந்தது. நம் ஆர்மோனியத்தைப் போல அதிலும் உலோக நாக்குகள்தான் அதிர்கின்றன. ஆனால் பத்தே பொத்தான்கள். துருத்தியை அழுத்தினால் ஒரு சுரம், இழுத்தால் வேறொரு சுரம். பிடில் உண்டு. தாளத்துக்கு முக்கோணக் கம்பி; வைக்கோல் வாரும் கருவியின் பல்லை வளைத்துச் செய்தது.

ஜைடகோ கிரியோல் மக்களுடையது. அதை உலகறியச் செய்தவர் கிளிஃப்டன் செனியே. அவர் வாசித்தது பியானோக் கட்டைகள் உள்ள பெரிய அக்கார்டியன். துணி துவைக்கும் நெளிப் பலகையைக் கழுத்தில் தொங்கவிட்டுச் சுரண்டித் தாளம் போடுவது அந்தப் பக்கத்து வழக்கம். டெக்சாஸில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் நிறைந்த போர்ட் ஆர்தரில், 1946-ல், வில்லி லாண்ட்ரி என்ற உலோகத் தொழிலாளியிடம் செனியே அதைச் சட்டை போல மாட்டிக்கொள்ளும்படி செய்து தரச் சொன்னார். தோளிலிருந்து வயிறு வரை பளபளக்கும் தகரச் சட்டை. இரண்டு கையிலும் பாட்டில் திறப்பான்கள். இப்போது ஜைடகோ மேடை எதிலும் அது இல்லாமல் இல்லை.

பாட்டுகள் பெரும்பாலும் அழுகைதான். போய்விட்ட காதலி, செத்துப்போன தாய், தனிமை. அந்த அழுகைக்குத்தான் இப்படி ஆடுகிறார்கள். சாவு ஊர்வலத்தில் பறைக்கு ஆடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை.

அமெதே ஆர்த்வான் என்ற பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். கறுப்பினக் கலைஞர். 1929-ல் வெள்ளைக்காரப் பிடில் கலைஞரான டெனிஸ் மக்கீயுடன் இசைத்தட்டு பதித்தார். நிறவெறி கொடிகட்டிப் பறந்த காலம் அது. ஒரு நடன விருந்தில் வெள்ளைப் பெண் ஒருத்தி வியர்வை துடைக்கக் கொடுத்த கைக்குட்டையை வாங்கினார் என்பதற்காக அவரை அடித்துத் துவைத்தார்கள் என்று சொல்வார்கள். 1942-ல் ஒரு மனநல மருத்துவமனையில் இறந்தார். இன்று கேஜன் மேடையானாலும் ஜைடகோ மேடையானாலும் அவருடைய மெட்டுகள் இல்லாமல் நடப்பதில்லை.

லூசியானாவில் 1921-ம் ஆண்டு அரசியல் சாசனம் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலத்தை மட்டுமே அனுமதித்தது. பிரெஞ்சு பேசிய பிள்ளைகளுக்குத் தண்டனை. மொழிக்கு வந்த அவமானம் பாட்டுக்கும் வந்தது. 1964-ல் இதே ரோட் ஐலண்டில், நியூபோர்ட் நாட்டுப்புற இசைவிழாவுக்கு ஒரு கேஜன் குழுவை அழைத்தபோது, அவர்களுடைய சொந்த ஊர்ப் பக்கத்துப் பத்திரிகையே ஏளனம் செய்தது. அந்தக் குழுவில் கடைசி நேரத்தில் கிட்டார் வாசிக்கச் சேர்ந்தவர் டூயி பால்ஃபா. அவர் பிழைப்புக்குப் பள்ளிப் பேருந்து ஓட்டியவர், உண்மையில் பிடில்காரர். அதுவரை 200 பேருக்கு மேல் கூடிய இடத்தில் வாசித்ததே இல்லை என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். நியூபோர்ட்டில் எதிரே ஆயிரக்கணக்கானவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை ஊருக்கு எடுத்துப் போய், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கி, சாகும்வரை இந்த இசைக்காக உழைத்தார் பால்ஃபா.

1974-ல் லூசியானாவின் லஃபாயெட் நகரில் கேஜன் இசைக்கென்று பெரிய கச்சேரி நடந்தது. அங்கே வேண்டுமென்றே ஆட்டத்துக்கு இடம் வைக்கவில்லை. ஜனங்கள் உட்கார்ந்து, தங்கள் இசையை மரியாதையோடு கேட்கட்டும் என்று அமைப்பாளர்கள் நினைத்தார்கள். அந்த நேரத்துக்கு அது சரியான தந்திரம் என்றே நான் சொல்வேன். பின்னால் அந்த லஃபாயெட் கச்சேரி ஒரு பூங்காவுக்கு இடம் மாறியது. ஆட்டமும் திரும்பி வந்தது.

சார்ல்ஸ்டவுனில் எனக்கு ஒரு குறை பட்டது. கூடாரத்தில் ஆடியவர்களில் மிகப் பெரும்பாலோர் நரைத்த தலை வெள்ளைக்காரர்கள். கறுப்பினக் கிரியோல் மக்களின் இசை மேடையில் இருந்தது; அந்த மக்கள் கூட்டத்தில் அரிதாகவே தென்பட்டார்கள். அனுமதிச் சீட்டின் விலையும் ஏழைக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் ஆடியவர்கள் வேடிக்கைக்கு வந்தவர்கள் இல்லை. கேஜன் வால்ட்ஸில் ஜோடிகள் கடிகாரமுள்ளுக்கு எதிர்த்திசையில் அரங்கைச் சுற்றி வருகிறார்கள். ஜைடகோவில் நின்ற இடத்திலேயே ஆட்டம். முழங்கால் தளர்ந்திருக்கும், தலை துள்ளாது, எல்லாம் இடுப்புக்குக் கீழேதான். நனைந்த சட்டையை மாற்றிக்கொண்டு திரும்பவும் வந்து ஆடுகிறார்கள். ஒரு பாட்டு முடிந்தால் ஜோடி மாறுகிறது. பெண்களும் தயங்காமல் வந்து ஆட அழைக்கிறார்கள்.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பிள்ளைகள் இருக்கிற நேயர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் அங்கே போக நேர்ந்தால் இப்படியொரு விழாவைத் தேடிப் போய்ப் பாருங்கள். ரப்பர் அடிச் செருப்பு வேண்டாம், பலகையில் ஒட்டிக்கொள்ளும். தோல் அடி வைத்த காலணி போட்டுக்கொள்ளுங்கள். கொசு மருந்தும் ஒரு ஸ்வெட்டரும் அவசியம். ஆரம்பக்காரர்களுக்கு ஆட்டம் சொல்லித் தரும் வகுப்பு இருந்தால் அதைத் தவறவிடாதீர்கள். யாராவது ஆட வரச் சொல்லிக் கை நீட்டினால், தெரியாது என்று சொல்லி உட்கார்ந்துவிடாமல் எழுந்து போங்கள்.