கட்டிடப் பரிசோதகரின் சொல்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



வீட்டுச் சுவரில் வெடிப்பைக் கண்டால் நாம் என்ன செய்கிறோம்? சுண்ணாம்பு பூசி மறைத்துவிடுகிறோம். பூச்சிலே மயிரிழைபோல் ஓடும் வெடிப்பாயின் பெரும்பாலும் பாதகமில்லை. பாரத்தைத் தாங்கும் தூணிலே தோன்றுமாயின் அதன் பொருள் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே கட்டிடப் பரிசோதகரின் தொழில். அத்திவாரத்தையும் தூண்களையும் பார்க்கிறார். அனுமதி பெற்ற வரைபடத்தோடு ஒப்பிடுகிறார். ஏற்றிய பாரத்தைக் கணக்கிட்டுத் தீர்ப்புக் கூறுகிறார்.

அத்தீர்ப்பின் மதிப்பு எத்தகையது என்பதை வங்காளதேசத்துத் தலைநகரான டாக்காவுக்கு அண்மையிலுள்ள சாவாரில் உலகம் கண்டது. அங்கே ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டிடம் இருந்தது. மேல்மாடிகள் முறையான அனுமதியின்றி எழுப்பப்பட்டவை. கடைகளுக்கும் அலுவலகங்களுக்குமென அமைந்த அக்கட்டிடத்திலே தொழிற்சாலை இயந்திரங்களும் பாரிய மின்பிறப்பாக்கிகளும் ஏற்றப்பட்டன. 2013 ஏப்ரல் 23 இல் வெடிப்புக்கள் காணப்பட்டன. பார்வையிட்ட பொறியியலாளர் ஒருவர், கட்டிடம் ஆபத்தானது என்று எச்சரித்தார். கீழ்மாடியிலிருந்த வங்கி தன் ஊழியரை வீட்டுக்கு அனுப்பிற்று. ஆடைத் தொழிற்சாலைகளோ மறுநாட் காலை தொழிலாளரை வேலைக்கு அழைத்தன. சம்பளம் போய்விடுமே என்று அஞ்சி அவர்களும் படியேறினர். ஏறத்தாழ 9 மணிக்குக் கட்டிடம் இடிந்து வீழ்ந்தது. 1,100 பேருக்கு மேல் மாண்டனர்.

சகோதரர்களே, கட்டிடம் ஒன்று, எச்சரிக்கையும் ஒன்று. அதைக் கேட்டவர்கள் தம் ஊழியரைக் காத்தனர். கேளாதவர்கள் பிறரைப் பலியிட்டனர். மாண்டவர் எச்சரிக்கையைத் தள்ளியவர் அல்லர். தள்ளும் அதிகாரமோ தடுக்கும் அதிகாரமோ இல்லாத ஏழைகள்.

ஆதலால் பரிசோதகரின் சொல் முதலாளியின் காதோடு நின்றுவிடலாகாது என்கிறோம். அது அங்கே வசிப்போருக்கும் உழைப்போருக்கும் தெரிய வேண்டும். இவ்வுண்மை பின்னராவது உணரப்பட்டது. 2013 மே மாதத்தில் தொழிற்சங்கங்களும் வெளிநாட்டு ஆடை வணிக நிறுவனங்களும் ஓர் உடன்படிக்கை செய்தன. அதன்படி சுயாதீனமான பொறியியலாளர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிற்சாலைகளைப் பரிசோதித்தனர். அறிக்கைகள் எல்லோரும் காண வெளியிடப்பட்டன. ஆபத்தான இடத்தில் வேலை செய்ய மறுக்கும் உரிமையும் தொழிலாளருக்கு அளிக்கப்பட்டது.

நம்முட் சிலர் நாளை பரிசோதகராவோம்; பலர் வீடும் மண்டபமும் கட்டுவோம். பரிசோதகராயின், எவர் முகத்துக்கும் அஞ்சிப் பொய்ச் சான்றிதழிற் கையொப்பம் இடாதிருப்போம். கட்டுவோராயின், செலவுக்கு அஞ்சி அவர் வார்த்தையைத் தட்டாதிருப்போம். பிற உயிரைத் தன்னுயிர்போற் காப்பதே தருமம் என்று நம் சமயம் போதிக்கிறது. அத்தருமம் ஆலயத்தில் மட்டுமன்று, அத்திவாரத்திலும் இருத்தல் வேண்டும்.