சந்திராவதி பாடிய சீதை



இதிகாசத்தைப் பெண்ணின் நிலையிலிருந்து திரும்பச் சொல்வது அண்மைக்கால நாவலாசிரியர்கள் தொடங்கிவைத்த புதுவழக்கம் என்றும், மேலைநாட்டுப் பெண்ணியக் கொள்கைகளின் தாக்கத்தால் இங்கே முளைத்தது என்றும் எண்ணுவோர் இன்றும் பலர் உள்ளனர். ஆனால், இன்றைய வங்கதேசத்தின் கிஷோர்கஞ்ச் வட்டாரத்தில் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சந்திராவதி என்னும் பெண்பாற் புலவர் வங்காள மொழியில் இராமாயணம் பாடியபோதே, கதையின் நடுவிடத்திலிருந்து இராமனை நகர்த்திவிட்டுச் சீதையை அங்கே அமர்த்திவிட்டார். பாம்புத் தெய்வமான மனசா தேவியைப் போற்றும் 'மனசா மங்கலம்' என்னும் வகை நூலைப் பாடிய வம்சிதாசரின் மகள் அவர். மணம் பேசப்பட்ட காதலன் வேறொரு பெண்ணை மணந்து விலகிவிட, மணமே வேண்டாமென்று சிவபூசையில் அவர் நாளைக் கழித்தார் என்றும், தந்தை சொன்னதால் இராமகதை பாடினார் என்றும் அவரைப் பற்றிய நாட்டுப்புறக் கதைப்பாடல் கூறுகிறது.

சந்திராவதியின் நூல் அயோத்தியில் தொடங்கவில்லை. இலங்கையில், மண்டோதரியின் மனவேதனையில் தொடங்குகிறது. தேவமாதரைக் கவர்ந்துவந்து அவர்களோடு களித்திருக்கும் கணவனால் புறக்கணிக்கப்பட்ட அவள், முனிவர்களின் குருதி நிரம்பிய கலத்திலிருந்து நஞ்சென்று அறிந்தே பருகுகிறாள். சாவு வரவில்லை, கரு உண்டாகிறது. பிறந்த முட்டையால் இலங்கைக்கு அழிவு என்று கணியர் சொல்ல, இராவணன் அதை அழிக்க முனைகிறான். தாய் மன்றாடியதால் அது பேழையில் வைக்கப்பட்டுக் கடலில் விடப்படுகிறது. மாதவன் என்னும் ஏழை மீனவனின் கைக்கு அது வந்துசேர, அவன் மனைவி சதா அதைப் போற்றி வைத்திருந்து, கனவில் வந்த கட்டளைப்படி சனகனின் அரசியிடம் ஒப்படைக்கிறாள். பொன்னோ நிலமோ கேட்காமல், பிறக்கும் மகளுக்குத் தன் பெயரை ஒட்டிச் சீதை என்று பெயரிட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறாள். ஓர் அரசி, ஒரு மீனவப் பெண், மற்றோர் அரசி என மூன்று பெண்களின் கை மாறியே காப்பியத்தலைவி உலகுக்கு வருகிறாள். இராமனின் பிறப்பு அதற்குப் பிறகுதான் பேசப்படுகிறது.

நூலின் நடுப்பகுதி இன்னும் கருதத்தக்கது. பிரிந்த பெண் தன் துயரைப் பன்னிரண்டு மாதங்களுக்கும் மாதந்தோறும் எடுத்துரைக்கும் பாட்டுவகைக்கு வங்காளத்தில் 'பாரமாசி' என்று பெயர். சந்திராவதி அவ்வடிவத்தை எடுத்துக்கொண்டு, வனவாசத்தையும் சிறைவாசத்தையும் சீதையே தோழியரிடம் சொல்வதாக அமைத்தார். சொல்பவள் பெண், கேட்போரும் பெண்கள் என்றானபின், வாலிவதமும் இலங்கைப் போரும் சில அடிகளில் முடிந்துவிடுகின்றன. ஏனெனில் அசோகவனத்தில் இருந்தவளுக்குப் போர் என்பது கேள்விச் செய்தியே. வால்மீகியின் ஆறாம் காண்டம் முழுதும் நிறைந்த ஆரவாரம் இங்கே ஒரு மாதத்தின் வருத்தத்துக்குள் அடங்கிவிடுகிறது. இறுதிப் பகுதியிலோ கைகேயியின் மகளாகிய குகுயா என்பவள், கருவுற்றிருக்கும் சீதையை நச்சரித்து இராவணனின் உருவத்தை விசிறியில் வரையச் செய்து, அவள் உறங்கும்போது அவ்விசிறியை அவள்மேல் வைத்து இராமனிடம் காட்டிக்கொடுக்கிறாள். வண்ணான் சொன்ன பழியோ, குடிமக்களின் அலரோ, அரசநீதியோ சீதையைக் காட்டுக்கு அனுப்புவதில்லை. பொறாமை கொண்ட ஒரு கணவனின் அறிவுமயக்கமே அனுப்புகிறது. அதைப் புலவர் தம் குரலிலேயே வெளிப்படையாகக் கண்டிக்கிறார். கெடுதல் செய்பவளாகவும் ஒரு பெண்ணே வருகிறாள் என்பதை மறைப்பதற்கில்லை. கூட்டுக் குடும்பத்தின் உள்வீட்டை அறிந்தவர் பாடிய நூல் அது.

தினேஷ் சந்திர சென் தொகுத்த கிழக்கு வங்கக் கதைப்பாடல்களின் வரிசையில் 1932இல் இந்நூல் அச்சேறிய பின்னும் இலக்கிய வரலாற்றாசிரியர் சிலர் இதனை முற்றுப்பெறாத, வலுக்குறைந்த ஆக்கமென்று ஒதுக்கினர். போர் விரிவாக இல்லாத இராமாயணம் முற்றுப்பெறாதது என்றால், சீதையின் பேறுகாலத்தை ஓரிரு செய்யுளில் கடந்துவிடும் இராமாயணங்களையும் அவ்வாறே சொல்லியிருக்க வேண்டும். அப்படி எவரும் சொன்னதில்லை. இராமன் போதிய அளவு இல்லை என்பதாலேயே இது குறைநூலாகப் பார்க்கப்பட்டது என்று வங்க எழுத்தாளர் நவநீதா தேவ் சென் விளக்கிய பிறகே சந்திராவதிக்கு உரிய வாசிப்பு கிடைக்கத் தொடங்கியது.

பாடியவர் பெண் என்பதனாலேயே பார்வையும் பெண்ணுடையதாகிவிடாது. தெலுங்கில் இராமாயணம் பாடிய மொல்ல இனிய நடைக்குப் பெயர்பெற்றவர். எனினும் மரபான கதையையே அவர் மரபான முறையில் சொன்னார். அதே ஆந்திர நாட்டில், ஆடவர் இல்லாத உள்ளறைகளில் அந்தணப் பெண்கள் பாடிவந்த பெயரறியாப் பாட்டுகள் வேறுவிதமாக நடக்கின்றன. பதினான்கு ஆண்டுகள் உறங்கிய ஊர்மிளை, திரும்பிவந்த இலக்குவனை அடையாளம் காணாமல், பிறன்மனை நாடியவர்களுக்கு நேர்ந்த கதியைச் சொல்லி அவனையே கடிகிறாள். இந்தப் பாடல்களை ஆராய்ந்த வேல்சேரு நாராயண ராவ், இவற்றில் ஆடவரின் வீரமன்றிப் பெண்களின் உரிமையும் உறவுமே கதையை இயக்குவதை எடுத்துக்காட்டியுள்ளார். மறுபுறம், மானுடவியல் அறிஞர் ஐராவதி கார்வே மராத்தியில் எழுதி 1968இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'யுகாந்தம்' என்னும் நூல், அவையில் திரௌபதி எழுப்பிய சட்டக் கேள்வியைப் புகழாமல், அது அவள் செய்த பெரும்பிழை என்றே துணிந்து கூறுகிறது. பெண்பார்வை என்றால் பெண்ணுக்காக வாதாடுவது மட்டுமே என்று கொள்வோர் அந்நூலைப் படித்தல் நலம்.

ஒடியாவில் பிரதிபா ராய் எழுதிய 'யாக்ஞசேனி'யில் (1984) திரௌபதி தன் கதையைக் கண்ணனுக்கு எழுதும் மடலாகச் சொல்கிறாள். அதன் பின்னர் வந்த நாவல்கள் பலவற்றில் கதாநாயகி தன் வாயாலேயே கதை சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆயினும், சொல்பவளை மாற்றிவிட்டுச் சுயம்வரம், சூது, போர் என்ற பழைய வரிசையையும் அளவையும் அப்படியே வைத்துக்கொள்ளும் நாவல், குரலை மட்டுமே மாற்றுகிறது. எதை விரிப்பது, எதைச் சுருக்குவது, யாரிடம் சொல்வது என்ற மூன்றையும் மாற்றிய சந்திராவதி அத்தகைய நாவல்களைவிடத் துணிவுள்ளவர். வோல்காவின் தெலுங்குச் சிறுகதைத் தொகுப்பான 'விமுக்த' அத்துணிவின் வழியில் வருவது. அதில் சீதை சூர்ப்பணகையையும் அகலிகையையும் ஊர்மிளையையும் சந்தித்துப் பேசுகிறாள், இராமன் இல்லாத இடத்தில் பெண்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்கின்றனர்.

இவ்வகை ஆக்கங்கள் தமிழுக்கும் அயலானவை அல்ல. இராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்டதும் அகலிகை மீண்டும் கல்லாகும் 'சாபவிமோசனம்' புதுமைப்பித்தன் என்னும் ஆடவர் எழுதியது. அருச்சுனனை எதிர்த்து நிற்கும் மதுரை அரசியைப் பாடிய அல்லியரசாணி மாலை, பெரிய எழுத்துப் பதிப்பாகச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்று வீடுவீடாகப் புகுந்தது. புலவர் உலகம் அதைக் காப்பியமென்று மதிக்கவில்லை. இராமகதையையும் பாரதத்தையும் பாடமாக வைக்கும் கல்லூரிகள், கம்பரோடும் வில்லிபுத்தூராரோடும் சந்திராவதியையும் அல்லியரசாணி மாலையையும் ஒருங்கே வைத்துக் கற்பிக்க முன்வர வேண்டும். இதிகாசப் பெண்களைப் பற்றிய தாலாட்டும் கல்யாணப் பாட்டும் அறிந்த மூதாட்டியர் எவர் வீட்டிலேனும் இருந்தால், இங்கே கூடியிருப்போர் இந்த ஆண்டிலேயே அவற்றை ஒலிப்பதிவு செய்து, பாடியவரின் பெயரும் ஊரும் குறித்து, அருகிலுள்ள நூலகத்துக்கோ பல்கலைக்கழகத் தமிழ்த்துறைக்கோ அளிக்க வேண்டுமென்று இம்மன்றம் கேட்டுக்கொள்கிறது.