கட்டளை இருந்தும் கதவு திறக்கவில்லையா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரை)



கிள்ளானில் குடியிருக்கும் ஒரு தந்தையை எண்ணிப் பாருங்கள். சனிக்கிழமை காலையில் கொமுட்டர் ரயிலேறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்சில் உள்ள அடுக்குமாடி வீட்டுக்கு நடந்து வருகிறார். ஒரு கையில் பிள்ளைக்குப் பிடித்த பலகாரம். மறு கையில் நீதிமன்றக் கட்டளை. "பிள்ளைக்குக் காய்ச்சல்" என்று சொல்லிக் கதவு சாத்தப்படுகிறது. அடுத்த வாரம் பரீட்சை என்கிறார்கள். அதற்கடுத்த வாரம் திருவிழா. இப்படி வாசலில் நிற்கும் தாய்மார்களும் உண்டு.

முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தையும் மணவிலக்கையும் ஆள்வது 1976ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 88ஆம் பிரிவு, பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்பதைப் பிள்ளையின் நலனை முதன்மையாக வைத்தே முடிவு செய்யச் சொல்கிறது. 7 வயதுக்குட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்று சட்டம் கருதினாலும், அதை மறுத்து வாதாட இடமுண்டு. 89ஆம் பிரிவின்படி, மற்றவர் பிள்ளையைச் சந்திக்கும் நேரத்தையும் நீதிமன்றம் வகுத்துத் தரலாம்.

சிக்கல் எங்கே தொடங்குகிறது? பல கட்டளைகளில் 'நியாயமான சந்திப்பு' என்று மட்டுமே எழுதப்பட்டிருக்கும். எது நியாயம் என்பதில்தான் சண்டை. ஆகவே கிழமை, மணி, பிள்ளையை ஒப்படைக்கும் இடம், பள்ளி விடுமுறை, தீபாவளி ஆகியவற்றைத் தெளிவாக எழுதிக் கேட்க வேண்டும். பழைய கட்டளையைத் திருத்தித் தரும்படி மனுச் செய்யவும் 96ஆம் பிரிவு வழி விடுகிறது.

தெளிவான கட்டளையையும் மீறினால், அது நீதிமன்ற அவமதிப்பு. அந்த வழக்கு நிற்க வேண்டுமானால், மீறினால் தண்டனை உண்டு என்ற எச்சரிக்கையோடு கட்டளையின் நகல் எதிர்த்தரப்பினரிடம் நேரில் சேர்ந்திருக்க வேண்டும். வாசலில் திரும்பிய ஒவ்வொரு நாளையும் தேதியோடு குறித்து வைக்க வேண்டும். கைத்தொலைபேசிச் செய்திகளை அழிக்கக் கூடாது. கதவைத் தட்டிக் கூச்சல் போட்டால், அதுவே எதிர்த்தரப்புக்குச் சாட்சியாகிவிடும்.

இன்னொரு தவறும் நடக்கிறது. "பார்க்க விடவில்லை, ஆகவே பணம் தரமாட்டேன்" என்கிறார் ஒருவர். "பணம் வரவில்லை, ஆகவே பார்க்க விடமாட்டேன்" என்கிறார் மற்றவர். ஜீவனாம்சம் பிள்ளையின் சோறு. சந்திப்பு பிள்ளையின் உறவு. ஒன்றை நிறுத்தி மற்றொன்றைப் பெற முயலக் கூடாது.

கட்டளை மட்டும் போதாது என்பதற்கு ஈப்போவைச் சேர்ந்த ஆசிரியை இந்திரா காந்தியின் வழக்கே சாட்சி. 2009இல் மதம் மாறிய கணவர், 11 மாதப் பெண் குழந்தையைக் கொண்டு சென்றார். 2010இல் உயர் நீதிமன்றம் மூன்று பிள்ளைகளையும் தாயிடம் ஒப்படைத்தது. முன்னாள் கணவரைக் கைது செய்யும் ஆணையை நிறைவேற்றும்படி 2016இல் கூட்டரசு நீதிமன்றம் போலீஸ் படைத் தலைவருக்குக் கட்டளையிட்டது. தாயின் சம்மதமின்றிச் செய்த மதமாற்றம் செல்லாது என்று 2018 ஜனவரி 29இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தனை வெற்றிகளுக்குப் பிறகும் அந்த மகளின் பிள்ளைப் பருவம் தாயின்றியே கழிந்தது.

எல்லார் வழக்கும் இவ்வளவு கடுமையானதல்ல. ஆனால் பாடம் ஒன்றுதான்: காலம் கடந்தால் தீர்ப்பு கைக்கு வரும், பிள்ளைப் பருவம் வராது. வழி தெரியாதவர்கள், வருமானம் குறைந்தவர்கள் அரசாங்கச் சட்ட உதவி இலாகாவை நாடலாம்.

கணவன் மனைவி உறவு முறியலாம். தாய், தகப்பன் என்ற உறவை எந்த நீதிமன்றமும் முறிப்பதில்லை. சனிக்கிழமை காலை அந்தக் கதவைத் திறப்பவர், முன்னாள் துணைக்கு உபகாரம் செய்யவில்லை. தம் பிள்ளைக்குச் சேர வேண்டியதைக் கொடுக்கிறார்.