கலைப்பா, கொலையா: தமிழய்யாவோடு ஒரு வாதம்



இந்தச் சொற்பொழிவுக்கு மாணவர்கள் என்னை அழைத்தபோது முதலில் மறுத்துவிட்டேன். எந்தத் தமிழய்யாவின் நினைவாக இந்த அறக்கட்டளை எழுந்ததோ, அவரோடு ஒரே பொருளில் முப்பது ஆண்டு மாறுபட்டு நின்றவள் நான். கருவைச் சுமப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை பெண்ணுக்கே உண்டு என்பது என் கட்சி. வயிற்றில் இருப்பதும் உயிர், அதை அழிக்க எவருக்கும் உரிமையில்லை என்பது அய்யாவின் கட்சி. இதைச் சொன்னதும், "அதுக்குத்தானுங்க உங்களைக் கூப்பிடறோம்" என்றார்கள். அய்யாவும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

அவர் வள்ளலார் வழியில் நின்றவர். 1867இல் வடலூரில் பசித்தவர்களுக்காக வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை என்று வகுப்பில் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். கோழிப்பண்ணைகள் சூழ்ந்த நாமக்கல்லில் முட்டையைக்கூடத் தொடாமல் வாழ்ந்தார். அவர் கருவுக்காகப் பேசியதன் பின்னால் பெண்ணை அடக்கும் எண்ணம் இருக்கிறது என்று இளவயதில் நான் மேடையிலேயே பேசியிருக்கிறேன். அது தவறு. எறும்புப் புற்றைச் சுற்றிக்கொண்டு நடந்த மனிதர் அவர். எந்த உயிருக்கு இரங்கினாரோ அதே இரக்கம்தான் கருவுக்கும் போயிற்று. இதை உணர எனக்குப் பத்தாண்டு பிடித்தது. எதிரில் இருப்பவர் எதற்காக அப்படிச் சொல்கிறார் என்று தெரியாமலேயே அத்தனை காலம் வாதாடியிருக்கிறேன்.

எங்கள் வாதம் தொட்டிலில் தொடங்கியது. 1992இல் ஜெயலலிதா அரசு, பெண்சிசுவைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுச் செல்லலாம் என்ற தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலம் மாவட்டத்தில் கொண்டுவந்தது. நாமக்கல் அப்போது சேலத்தோடு இருந்தது, 1997இல்தான் பிரிந்தது. பெண்சிசுவைக் கொல்லக் கொடுத்த கள்ளிப்பால், நெல்மணி என்ற சொற்களைக் கேட்டாலே இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு வயிறு கலங்கிய காலம். நான் வக்கீலாகப் புதிதாகக் கறுப்புக் கோட்டு போட்டிருந்தேன். பெற்றவர்கள் கைகழுவ அரசே வழி காட்டலாமா என்று கொதித்தேன். அய்யா மெதுவாகச் சொன்னார்: "விட்டுட்டுப் போனாலும் உயிரோட விட்டுட்டுப் போகட்டும் அம்மணி." அந்த ஒன்றில் அவர் சொன்னதே சரி. தொட்டிலில் வளர்ந்த பெண் ஒருத்தி இன்று எங்கோ ஒரு வீட்டில் தன் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பாள். அவள் முன்னால் என் அன்றைய கொதிப்புக்கு மதிப்பில்லை.

பிறகு ஸ்கேன் வந்தது. பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடுக்க 1994இல் சட்டம் இயற்றி, 1996 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். ஆனாலும் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட 1000 ஆண்பிள்ளைகளுக்கு 851 பெண்பிள்ளைகளே இருந்தார்கள். தமிழ்நாட்டின் சராசரி 942. அந்த எண்ணைச் சொல்லி ஒரு கூட்டத்தில் "பெண் கருக்கொலை"யைக் கண்டித்துப் பேசினேன். முன்வரிசையில் அய்யா இருந்தார். கூட்டம் முடிந்து பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்து வந்து கேட்டார்:

"ஆண் கருவைக் கலைச்சா கலைப்பு, பெண் கருவைக் கலைச்சா கொலையா அம்மணி? உள்ளே இருக்கறது ஆளுன்னா ரெண்டும் கொலை. ஆளில்லைன்னா ரெண்டும் கலைப்பு. நீ எதுல நிக்கறே?"

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முழு விடை கிடைக்கச் சில வாரங்கள் ஆயின. பெண் என்று தெரிந்து கலைக்கும்போது நடக்கும் தீங்கு, உயிரோடு இருக்கும் பெண்களுக்கு நடப்பது. அந்த வீட்டில் ஐந்து வயதில் ஒரு மூத்த பெண் இருக்கிறாள். தங்கை ஏன் வரவில்லை என்பது அவளுக்கு எட்டும். "இதுவும் பொட்டைப் பிள்ளையா?" என்ற மாமியாரின் கேள்வி அவள் காதில் விழும். படுத்து எழுந்த தாய்மாரிலும் பலர் விரும்பிப் போகவில்லை, நகையும் சீரும் கணக்குப் போட்டவர்கள் கூட்டிப் போனார்கள். ஆகவே பெண்ணின் உரிமைக்காகப் பேசுகிறவளே இதை எதிர்க்கவும் முடியும். இப்படிச் சொன்னபோது அய்யா பாதியை ஏற்றார். "அப்ப கொலைன்னு சொல்லாதே" என்றார். நானும் அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். இன்றுவரை 'பாலினம் பார்த்துக் கலைத்தல்' என்றே எழுதுகிறேன். என் மொழியில் இருந்த பொய்யை என் பக்கம் நின்றவர் யாரும் காட்டித்தரவில்லை.

அவரை மடக்க நான் இலக்கணத்தையும் எடுத்தேன். 'குழந்தை அழுகிறது' என்றுதானே சொல்கிறோம்? பிறந்த பிள்ளையையே அஃறிணையில் வைக்கும் மொழி, கருவை உயர்திணையில் வைக்குமா? அவர் சிரித்தார். தொல்காப்பியக் கிளவியாக்கத்தில் மக்களைக் குறித்தும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களின் வரிசையை எடுத்துக் காட்டினார். மகவு, குழவி இரண்டும் அதில் இருந்தன. கூடவே அரசு என்ற சொல்லும் இருந்தது. "அரசனும் ஆளில்லையா அம்மணி?" என்றார். பிறகு புறநானூற்று 74ஆம் பாட்டுக்குப் போனார். சோழன் சிறையில் கிடந்த சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடியது. இறந்து பிறந்த பிள்ளையையும், உருவமில்லாத சதைப் பிண்டத்தையும்கூட ஆள் கணக்கில் சேர்த்து வாளால் கீறிப் புதைக்கும் குலவழக்கம் அதில் வருகிறது. பிண்டத்துக்கே நம் முன்னோர் ஆள் என்ற மதிப்புத் தந்தார்கள் என்பது அவர் வாதம். அங்கே மதிக்கப்பட்டது குலத்தின் மானம், பத்து மாதம் சுமந்தவளைப் பற்றி அந்தப் பாட்டில் ஒரு சொல் இல்லை என்றேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. "இத்தனை வருசம் பாடம் நடத்தியும் அது எனக்குப் படலே" என்றார்.

என் நிலையை இப்படிச் சொல்லலாம். உயிர் வேறு, ஆள் வேறு. உயிர் தொடக்கத்திலேயே இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆளாவது படிப்படியாக. நம் ஊர் வழக்கமும் அதை அறியும்: நாள் தள்ளிப்போனால் ஒரு பேச்சு, அசைவு தெரிந்தால் ஒரு பேச்சு, கட்டுச்சோறு கொண்டுபோகும்போது வேறொரு பேச்சு. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டமே அசைவு தெரிந்த பின் கலைப்பதற்குத் தண்டனையைக் கூட்டியது, ஆனால் கருவில் சாகடிப்பதைக் கொலை என்று சொல்லவில்லை. பிள்ளையின் உடலில் ஒரு பகுதியாவது வெளியே வந்திருந்தால்தான் அந்தப் பேச்சு. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் வயிற்றுப் பிள்ளைக்கும் பங்கு தருகிறது, உயிரோடு பிறந்தால். 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் 20 வாரம் என்றது, 2021 திருத்தம் சில நிலைமைகளில் அதை 24 ஆக்கியது.

"பிள்ளையா மாறிச்சு? சட்டந்தானே மாறிச்சு?" என்று அய்யா கேட்டார். நியாயமான அடி. படிகளை வைப்பது நாம்தான், எங்கே வைப்பது என்பதில் நமக்கே உறுதியில்லை. அதனால் படியே இல்லை என்று ஆகிவிடாது என்றேன்.

நானும் அவரிடம் ஒன்று கேட்டேன். அந்த 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு, தானே கலைத்துக்கொண்ட பெண்ணையும் குற்றவாளியாக்கியது. அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 88ஆம் பிரிவிலும் அது அப்படியே இருக்கிறது. கரு முழு ஆள் என்றால் அவளைக் கொலைகாரியாகச் சிறைக்கு அனுப்பச் சம்மதமா? அவர் உடனே சொன்னார்: "ஐயோ, அந்தப் பிள்ளையவா? அவளை எதுக்கு?" அப்படியானால் நீங்களும் ஏதோ ஒரு படியில் நிற்கிறீர்கள் அய்யா என்றேன். அவர் மறுக்கவில்லை.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவர் லாரி ஓட்டுநர், வடக்கே லோடு ஏற்றிப் போனால் இருபது நாள் ஆகும். இரண்டு பிள்ளைகளுக்குப் பின் மூன்றாவது உண்டாகி, வேண்டாம் என்று முடிவெடுத்து மருத்துவமனைக்குப் போனாள். கணவர் கையெழுத்து வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். பதினெட்டு வயது நிறைந்தவளுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும் என்பது 1971 முதலே சட்டம். அவளுக்கு அது தெரியாது, சொல்லவும் ஆளில்லை. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கித் தின்று, இரத்தப்போக்கில் உயிர் போகும் நிலைக்கு வந்த பிறகுதான் என்னிடம் செய்தி வந்தது. அய்யாவிடம் இதைச் சொன்னபோது அவர் கருவைப் பற்றிக் கேட்கவில்லை. "அவ எப்படி இருக்கா?" என்றார். மறுநாள் ஒரு டப்பாவில் பேரீச்சம்பழமும் கொஞ்சம் பணமும் கொடுத்தனுப்பினார். கருத்து மாறியதா என்று நான் கேட்கவில்லை, அவர் மாறவுமில்லை.

எங்கள் கடைசி வாதம் 2023 அக்டோபரில். உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. இரண்டு பிள்ளைகளின் தாய், பேறுகாலத்துக்குப் பிந்தைய மனச்சோர்வில் இருந்தவர், பால் கொடுக்கும் காலத்தில் கரு உண்டானதே தெரியவில்லை. 26 வாரம் ஆகியிருந்தது. நீதிபதிகள் ஹிமா கோலியும் நாகரத்னாவும் முதலில் அனுமதித்தார்கள். பிறகு எய்ம்ஸ் மருத்துவர் ஒருவர், கரு உயிரோடு வெளிவரும் வாய்ப்பு இருக்கிறது, அதன் இதயத்துடிப்பை நிறுத்தவா என்று கேட்டு எழுதினார். அக்டோபர் 11 அன்று அதே இரு நீதிபதிகளும் பிரிந்தார்கள். கோலிக்கு மனசாட்சி இடம் தரவில்லை, நாகரத்னா அந்தப் பெண்ணின் முடிவை மதிக்க வேண்டும் என்றார். 16ஆம் தேதி தலைமை நீதிபதியின் மூவர் அமர்வு அனுமதி மறுத்தது.

நான் நாகரத்னாவின் பக்கம் என்றேன். அய்யா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "அந்த டாக்டர் நீயா இருந்தா அம்மணி?" என்று கேட்டார்.

பொய் சொல்ல முடியவில்லை. சட்டம் அனுமதித்திருந்தாலும் என் கை நடுங்கியிருக்கும் என்றேன்.

"அந்த நடுக்கத்தை எந்தப் படியில வைப்பே?"

அடுத்த வாரம் வந்து சொல்கிறேன் என்று எழுந்தேன். அதன் பிறகும் பல வாரம் போனேன், வேறு எதையெதையோ பேசினோம், அதை மட்டும் இருவரும் எடுக்கவில்லை. இந்த உரையை எழுத உட்கார்ந்தபோதாவது விடை கிடைக்கும் என்று எண்ணினேன். நேற்றிரவு வரை கிடைக்கவில்லை. இந்த அவையில் அவருடைய மாணவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களில் எவருக்காவது அது தெரிந்தால், இந்த மேடையை விட்டு நான் இறங்கியதும் வந்து என்னிடம் வாதாடுங்கள்.