பார்வையற்றவரின் கைகள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



என் கையில் இருப்பது ஓர் ஓவியத்தின் அச்சுப்படம். பெயர், 'புனித பிரான்சிஸ் சவேரியாரின் அற்புதங்கள்'. ஆன்ட்வெர்ப் நகர இயேசு சபைக் கோயிலின் பீடத்துக்காக 1617-18 வாக்கில் ரூபன்ஸ் வரைந்தது. இன்று வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூலப்படம் 5 மீட்டருக்கு மேல் உயரம். நம்ம வகுப்பறையில் மாட்ட வேண்டுமானால் கூரையைப் பிரிக்க வேண்டும்!

சவேரியார் நமக்கு அந்நியர் அல்லர். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தவர். படத்தில் கறுப்பு அங்கியோடு உயரத்தில் நிற்கிறார். ஒரு கை வானத்தைக் காட்டுகிறது. கீழே இறந்தவர் எழுகிறார். மேலே, விசுவாசம் என்ற குணமே ஒரு பெண்ணாக வீற்றிருக்கிறது. அங்கிருந்து பாயும் ஒளியில் ஒரு கோயில் சிலை சாய்கிறது. பார்ப்பவர் மனசை உலுக்கி விடவேண்டும் என்பதுதான் பரோக் பாணி.

என் மனசும் உலுங்கியது, வேறு விதமாக. நான் உறையூர்க்காரன். மேலே கூரையில்லாமல் வெயிலும் மழையும் தாங்கி அமர்ந்திருக்கும் வெக்காளியம்மனைப் பார்த்து வளர்ந்தவன். அந்தச் சிலை சாய்வதைக் கண்டதும் சுருக்கென்றது. படத்தை மூடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்புறம் உற்றுப் பார்த்தால், கோயில் தூண்கள் ரோமாபுரித் தூண்கள்! ரூபன்ஸ் இந்தியாவுக்கு வந்தவரே இல்லை. நம்ம ஊர்க் கோயில் எப்படியிருக்கும் என்றே அவருக்குத் தெரியாது. தம் காலத்துத் திருச்சபையின் வாதத்தைச் சின்னங்களால் எடுத்து வைத்திருக்கிறார்.

அதே படத்தில் ஒரு பார்வையற்றவர், இரு கைகளையும் நீட்டிக் காற்றைத் துழாவி வருகிறார். அந்தக் கைகளை எனக்குத் தெரியும். சமயபுரத்தில், நத்தர்வலி தர்காவில், வேளாங்கண்ணியில் பார்த்திருக்கிறேன். அவர் என்ன மதம் என்று கேட்கத் தோன்றவில்லை.

இன்னொன்று. தமிழ் தெரியாத சவேரியார், ஜெபங்களைத் தமிழாக்கச் செய்து மனப்பாடம் பண்ணினார். தெருத்தெருவாக மணியடித்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டார். அவர் கடிதங்களே சொல்கின்றன. அந்த மணிக்கும் திக்கித் திணறிய தமிழுக்கும் படத்தில் இடமில்லை. எனக்குப் பிடித்த சவேரியார் அவர்தான்.

தம்பி தங்கையரே, மனத்தைத் தைக்கிற ஒரு படத்தைக் கண்டால் உடனே மூடிவிடாதீர்கள். யார், யாருக்காக வரைந்தது என்று கேளுங்கள். அப்புறம் இன்னொரு முறை பாருங்கள். நீட்டிய கை ஒன்று அதில் இருக்கலாம்.